ஆயாசம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து பெங்களூரில் ஐந்து வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தேன். இப்போது மூன்று வருடமாக டெக்சாஸில், இதய நோய் வார்டில். நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ்) ஆவதற்கான முதுகலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று, ஊருக்கே பெயர் தெரிந்த பல்கலைக்கழகம். பாடம் முழுக்க ஆன்லைன், குடும்ப நலப் பிரிவு, அதாவது எல்லா வயதினரையும் பார்ப்பது. நேரடிப் பயிற்சிக்கு ஆளை நாமே தேடிக்கொள்ள வேண்டுமாம். இன்னொன்று, நான் இருக்கும் ஊரிலேயே உள்ள சிறிய பல்கலைக்கழகம். பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. கணவர் நேராக முனைவர் பட்டமே படி என்கிறார். அத்தையோ, 'எத்தனை நாள்தான் வெறும் நர்ஸாவே இருப்பே, இதைப் படிச்சா பாதி டாக்டர்' என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எதில் சேரட்டும்? இல்லை, இந்தியாவிலேயே இந்தப் படிப்பு வந்துவிட்டதாமே, திரும்பிவிடட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

என் தங்கை மகள் அமெரிக்காவில் இதே படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள். விவரங்களை அவளிடம் கேட்டுக்கொண்டேன். முனைவர் பட்டமா முதுகலையா என்று இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதுகலை முடித்தவர்களும் நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அங்கே நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. ஆகிய அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. இரண்டு வருடம், பி.எஸ்சி.யோடு ஒரு வருட அனுபவம் வேண்டும். நல்ல படிப்புதான். ஆனால் ஊர் திரும்புவது உங்கள் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு, அதைப் படிப்பின் தலையில் கட்டாதீர்கள்.

சரி, இப்போது அந்தப் 'பாதி டாக்டர்'. அத்தை சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, அவர் வெளியிலிருந்து பார்ப்பவர். எட்டு வருடம் நோயாளியின் தலைமாட்டில் நின்ற நீங்கள் 'எனக்கும் சரியென்றே படுகிறது' என்று எழுதலாமா? எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. 1965ல் அமெரிக்காவின் கொலராடோவில் இந்தப் படிப்பைத் தொடங்கியவர்கள் இருவர். ஹென்றி சில்வர் குழந்தை மருத்துவர். லோரெட்டா ஃபோர்ட் நர்ஸ், கிராமங்களில் பொதுச் சுகாதார வேலை பார்த்தவர். மருத்துவ வசதி எட்டாத குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, நர்ஸின் கைக்கும் கண்ணுக்கும் இன்னும் ஆழமான பயிற்சியும் முடிவெடுக்கும் பொறுப்பும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் வளர்த்தது நர்ஸின் வேலையை. 2025 ஜனவரியில், 104 வயதில் இறந்தார். அவர் போட்ட பாதையில் நடக்கப் போகிற நீங்கள் 'வெறும் நர்ஸ்' என்ற சொல்லை இனி யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

என் ஆயா ஆந்திராவில் உள்ள பலமநேர்க்காரர், குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவர். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போலத்தான், ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் வரும். 1987ல் ஒரு மழைக்காலத்தில் வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கு அப்போது 16 வயது, துணைக்கு நான்தான் இருந்தேன். ஆயா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: 'ஆயாசமா இருக்குப்பா.' டூட்டி டாக்டர் தெற்கத்திக்காரர். ஆயாசம் என்றால் அவருக்குக் களைப்பு. குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். சார்ட்டில் நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை காலையில் 20, மதியம் 20, சாயங்காலமும் 20. எண்ணாமலே எழுதியது.

ராத்திரி டூட்டிக்கு வந்த சிஸ்டர் சித்தூர்ப் பக்கம். ஆயா அதே வார்த்தையைச் சொன்னதும் நின்றுவிட்டார். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு. உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 'படுக்குண்டே ஆயாசமா? கூர்ச்சுண்டே தக்குதுந்தா?' என்று கேட்டார். படுத்தால் இரைக்கிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா. ஆயா தலையாட்டினார். சிஸ்டர் ஆயாவின் வயிற்றில் கையை வைத்து, வாட்ச்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். 36. டிரிப்பை மூடினார், தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தார், டாக்டரை எழுப்ப ஆள் அனுப்பினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி போட்டு, விடியும்போது ஆயா என்னிடம் காபி கேட்டார். அப்புறம் ஐந்து வருடம் இருந்தார்.

நான் எழுத உட்கார்ந்தது அந்த ஊசிக்கு அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி. அந்த 20ஐ எழுதிய பயிற்சி நர்ஸ் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். சிஸ்டர் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து ஆயாவின் வயிற்றில் வைத்தார். 'எண்ணு. நானும் எண்றேன்.' அவள் 31 என்றாள், சிஸ்டர் 34 என்றார். 'மறுபடி எண்ணு.' மூன்றாவது தடவை இருவருக்கும் ஒரே எண் வந்தது. அப்புறம்தான் சார்ட்டை அவள் கையில் கொடுத்தார்.

ஆர்., பயிற்சி என்று நான் சொல்வது இதை. அமெரிக்காவில் 2022ல் திருத்திய தரவிதிப்படி, இந்தப் படிப்பில் குறைந்தது 750 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பவரைப் பிரிசெப்டர் என்கிறார்கள். அவரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், படிப்பின் உயிரான பகுதியை உங்கள் தலையில் போட்டுவிட்டு மிச்சத்துக்குப் பணம் வாங்குகிறது. என் தங்கை மகள் அப்படி ஓர் இடத்தில்தான் சேர்ந்தாள். வேலை முடிந்து வந்து, முன்பின் தெரியாத கிளினிக்குகளுக்கெல்லாம் போன் செய்தாள். பலர் திருப்பிக் கூப்பிடவே இல்லை. ஒருவர் பணம் கேட்டார். ஒரு பருவம் வீணானது. கடைசியில் கிடைத்தவர், அவள் எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுபவர். ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதாள். இன்னும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பட்டியலில் எத்தனாவது இடம், சட்டையில் யார் பெயர் என்பதையெல்லாம் விடுங்கள். எட்டு வருடமாக நீங்கள் பார்ப்பது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட நோயாளிகளை. குடும்ப நலப் பிரிவு பெரும்பாலும் கிளினிக் வேலைக்கானது, வார்டிலும் ஐ.சி.யூ.விலும் தொடர நினைத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் பொருந்தும். அதனால் என் மனம் உங்கள் ஊர்க் கல்லூரி பக்கம் போகிறது. ஆனால் அதையும் கேட்காமல் நம்பாதீர்கள். போன் செய்து, எங்கே அனுப்புவீர்கள், அங்கே யார் சொல்லித் தருவார், ஒரே நேரத்தில் அவரிடம் எத்தனை மாணவர்கள், இடையில் அவர் விலகிவிட்டால் மாற்று ஆளைத் தருவது யார் என்று கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பேருடைய நம்பரையும் வாங்கி, அவர்களிடமும் பேசுங்கள்.

எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா