ஹெச்.ஆர். படிக்கிறேன், ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை ரெக்ரூட்மென்ட்டில், அதாவது ஆள் எடுக்கும் பிரிவில், எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். எனக்குத் தண்டையார்பேட்டை, எம்.பி.ஏ. படிக்கும்போது கிண்டியில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் இதே வேலை பார்த்தேன். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் வண்டி மாறாமல் போய்வர முடிந்தது, அது பெரிய நிம்மதி.

முதல் இரண்டு மாதம் முழுக்க போன்தான். நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமே தேடி, கூப்பிட்டு, இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் பழைய இடத்தில் இருக்க வேண்டிய நாட்கள்) எல்லாம் கேட்டு எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஐ.டி.யில் பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ், அதற்குள் வேறு ஆஃபர் வந்தால் விலகிவிடுவார்கள், அதனால் ஆளைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியாது, சேரும் நாள்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னை உலுக்கியது வேறு. ராயபுரத்துப் பெண் ஒருவர், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை நன்றாகத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் திணறினார். "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று ஒதுக்கப் பார்த்தார்கள். ஒரு டெஸ்ட் வைத்துப் பாருங்கள் மேடம் என்று கெஞ்சினேன். வைத்தார்கள், தேறினார். அன்று மெட்ரோவில் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், ஸ்டைபண்ட் (இன்டர்னுக்குத் தரும் உதவித்தொகை) எவ்வளவு, நேர்காணலில் உட்கார விடுவார்களா என்பதை சேரும் முன்பே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.