மீட்ட குடும்பம் மறுபடி சூளைக்கே போனால்?

கேள்வி: அக்கா, கொத்தடிமைகளாக இருப்பவர்களை மீட்கும் ஒரு சின்ன அமைப்பில் களப்பணியாளராக இருக்கிறேன். போன வருடம் ஒரு செங்கல் சூளையிலிருந்து மீட்டு, கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழும் வாங்கிக் கொடுத்த குடும்பங்களில் இரண்டு, தை பிறந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறொரு சூளைக்குப் போய்விட்டன. வழக்கோ வாய்தா, வாய்தா என்றே நகர்கிறது. வீட்டில் "வேற வேலை பாரு" என்கிறார்கள். நீங்கள் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தீர்கள்?
- பெயர் வேண்டாம், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் 'நீ' என்றே பேசுகிறேன்.

முதலில் அந்த இரண்டு குடும்பங்கள். உன் கடிதத்தில் அவர்கள்மேல் கொஞ்சம் கோபம் தெரிகிறது. மீட்ட பிறகு அவர்கள் கைக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்த்தாயா? உடனடி உதவி 30 ஆயிரம் வரை என்கிறது மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம். ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம் என்று 2016-இல் அறிவித்த மறுவாழ்வுத் தொகையை, முதலாளிக்குக் கிடைக்கும் தண்டனையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு முடிகிறவரை பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா, கூரை ஒழுகாமல் இருக்குமா? சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எண்ணி வைக்கிறான். நாம் போகாத வாரத்திலும் அவன் தவறாமல் போகிறான்.

பழைய கடன் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி செத்துப்போன கடன். புதுச் சூளையிலும் முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருந்தால், அது புதுக் குற்றம், புது மனு. "ஏற்கெனவே மீட்டவங்கதானே?" என்று ஆபீஸில் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

தாக்குப்பிடித்தது எப்படி என்று கேட்டால், எனக்கு வாச்சாத்திதான். சித்தேரி மலையடிவாரத்து அந்தப் பழங்குடி ஊரில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஊரைச் சூறையாடியதோடு 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது 2023 செப்டம்பர்.

எல்லாரும் தீர்ப்பைப் பேசுவார்கள். நான் நினைத்துப் பார்ப்பது நடுவில் கிடந்த வருடங்களை. அந்தப் பெண்கள் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, கூலிக்கும் போய்க்கொண்டு, கூப்பிட்ட நாளில் கோர்ட்டுக்கும் வந்து நின்றார்கள். பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் தோழர்களும் அவர்களை விடாமல் கூட நின்றார்கள். சாட்சி கலையவில்லை. பேப்பரில் வராத வேலை அதுதான், நீ இப்போது செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

நான் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். வாய்தாவுக்கு வரும் சாட்சியிடம் பஸ் காசைக் கையில் கொடுத்து, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பேன். அடுத்த தேதியை அவருடைய ரேஷன் கார்டு உறைமேலேயே எழுதித் தருவேன். காலண்டர் கிழிந்துபோகும், போன் நம்பர் மாறும். ரேஷன் கார்டை யாரும் தொலைப்பதில்லை. கேஸ் தள்ளிப்போன நாளிலும் இந்த வேலை முடிந்திருக்கும். ராத்திரி தூக்கம் வரும்.

வீட்டில் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளாதே. உனக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா? பி.எஃப். பிடிக்கிறார்களா? குறைந்தபட்சக் கூலிக்காகக் கொடி பிடிக்கும் நம் அமைப்புகள் சிலவற்றில் களப்பணியாளருக்கே அது கிடைப்பதில்லை (இதை எழுதியதற்கு எனக்கு நாலு போன் வரும்). கூச்சப்படாமல் கேள். சோர்வு என்று நாம் சொல்வதில் பாதி கைச்செலவுக்கு இல்லாத கவலை.

இந்த வாரமே அந்தக் குடும்பங்களின் உறவுக்காரர்களைப் பார். ஃபாரம் எதையும் நீட்டாதே. சூளை எங்கே, முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனவா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு எனக்கு எழுது. கோட்டாட்சியருக்கான மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.