கொரிய மொழி தெரியாமல் புசானைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். தென்கொரியாவின் இந்தத் துறைமுக நகரில் மொழி தெரியாதவர்களுக்குப் பெரிய துணை மெட்ரோ ரயில்தான். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண். வாயில் நுழையாத பெயர்களை மறந்துவிட்டு எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். புசான் ரயில் நிலையம் 113. அங்கிருந்து ஆரஞ்சு நிற முதல் தடத்தில் எண் ஏறும் திசையில் போனால் 119, சொம்யொன். அங்கே பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். அதே நிலையத்துக்கு இந்தத் தடத்தில் எண் 219. இப்போது எண் இறங்கும் திசை. 209-இல் இறங்கினால் குவாங்கல்லி கடற்கரை நடந்துபோகும் தூரம், 203-இல் ஹேயுண்டே கடற்கரை. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் வரும்.

வழி பார்க்க கூகுள் மேப்ஸை மட்டும் நம்ப வேண்டாம். நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை, உணவுப்பட்டியலைப் படிக்க பாபாகோ மொழிபெயர்ப்புச் செயலியின் கேமரா போதும். டாக்சிக்கு, தங்கும் விடுதியின் முகவரியைக் கொரிய எழுத்திலேயே போனில் வைத்திருங்கள். ஆங்கில எழுத்தில் காட்டினால் பல ஓட்டுநர்கள் திணறுவார்கள், பாவம்.

ஜகல்ச்சி மீன் சந்தையில்தான் கொஞ்சம் உஷார் தேவை. மீனைக் கைகாட்டி வாங்கிவிடலாம், சரி; ஆனால் சமைத்துத் தரும் கூலி தனி. இரண்டையும் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத் தலையாட்டுங்கள்.

எங்காவது மாட்டிக்கொண்டால் 1330-ஐ அழையுங்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண், ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 112.