அப்பா பெயரில் ஒரு விண்ணப்பம்

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் ஊர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறேன். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவும் அக்கா குடும்பமும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் வரை ஓடுகிறது. சென்னைக் கம்பெனி ஒன்று 1,64,000 ரூபாய் சொல்கிறது. பட்டுக்கோட்டையில் கடை வைத்திருப்பவர் 1,95,000 கேட்கிறார். அவர் சர்வீஸ் நன்றாக இருக்கும் என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பேனலைத்தான் போடுகிறார்கள். ஈபி இணைப்பு, நான்கு வருடம் முன் தவறிப்போன அப்பா பெயரில் இருக்கிறது. ‘பெயர் மாற்ற அலையவே வேண்டாம், அப்பா பெயரிலேயே போட்டுவிடலாம், ஓடிபி வந்தால் மட்டும் சொல்லுங்கள்’ என்று சென்னைக்காரர்கள் சொல்லிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. 31,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, விலையா சர்வீஸா என்று கேட்டு எனக்கு வராத கடிதமில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தத் தொகை அல்ல. ‘அந்தக் கவலை இல்லை’ என்று எழுதினீர்களே, அதுதான்.

இறந்துபோன உங்கள் தகப்பனார் உயிரோடு இருப்பதுபோல அரசாங்கத்திடம் விண்ணப்பம் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அதை ஒரு வசதி என்று எடுத்துக்கொண்டீர்கள். ஓடிபி எந்த நம்பருக்கு வரும், கையெழுத்தை யார் போடுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். அது வேலை செய்யும் கம்பெனி கைக்குப் போகாது. மின்வாரியத்து ஆட்கள் வந்து பார்த்து, வாங்கும் கரண்டையும் மாடியிலிருந்து வெளியே போகும் கரண்டையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் வைத்து, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். இங்கே விண்ணப்பதாரர் உங்கள் அப்பா. அவருக்கு எந்தக் கணக்கு? பெயர் பொருந்தாமல் பணம் நின்றுபோகும்போது, கம்பெனிக்காரர் தன் 1,64,000 ரூபாயை எண்ணி வாங்கியிருப்பார். 31,000 மிச்சம் பிடிக்கப் போய் 78,000 ரூபாயைத் தொங்கலில் விடுவீர்கள். வியாபாரம் முடியும் முன்பே உங்களுக்காகப் பொய் எழுதத் துணிந்தவர், நாளைக்கு வாரண்டி விஷயத்தில் உங்களிடம் மட்டும் நியாயமாக நடப்பார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

நான்கு வருடம்! இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், இவ்வளவுதான் கேட்பார்கள். அலைச்சலுக்கு அஞ்சி நீங்கள் இதைத் தள்ளிப்போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவிடம் கையெழுத்துக் கேட்டால் வீட்டுப் பங்குப் பேச்சு எழும் என்ற பயமாகத்தான் இருக்கும். எத்தனையோ வீடுகளில் ஈபி அட்டை செத்தவர் பெயரிலேயே கிடப்பதற்கு இதுதான் காரணம். இணைப்பில் பெயர் மாறுவதால் சொத்தில் யாருடைய பாத்தியதையும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதை அக்காவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றுங்கள், உங்கள் பெயருக்கு அல்ல. மானியமும் அம்மாவின் கணக்கிலேயே விழட்டும். பணம் போடுகிறவன் மகன்தான். ஆனாலும் அந்த வீட்டில் விளக்கேற்றுகிறவள் அவள். அப்பா போன பிறகு காகிதங்களை அம்மா பெயருக்கு ஒழுங்குபடுத்திக் கொடுப்பது மகன் செய்ய வேண்டிய முதல் காரியம். மாடியில் பேனல் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி 31,000 ரூபாய்க்கு வருகிறேன். 650 யூனிட்டுக்கு 3 கிலோவாட் சரியான அளவு. சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட் கொடுக்கும். பேனல் ஒன்றுதான் என்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு காற்றில் பேனலைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டமும் அதன் போல்ட்டும்தான். இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சட்டம் என்ன கனம், முழுவதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, தளத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள், இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி உண்டா, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். உள்ளூர்க்காரரின் கூடுதல் பணம் இதில் போயிருந்தால் பேசாமல் கொடுங்கள். போகவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

‘சர்வீஸ் நன்றாக இருக்கும் என்கிறார்கள்’ என்றால் யார் சொன்னது? அந்த உள்ளூர்க்காரர் இரண்டு, மூன்று வருடம் முன் சோலார் போட்ட வீடுகளுக்கு அக்காவை அனுப்புங்கள். கடைசியாக இன்வெர்ட்டர் நின்றபோது ஆள் வர எத்தனை நாள் ஆயிற்று என்று அந்த வீட்டுப் பெண்களிடம் அக்காவே கேட்கட்டும். ஐப்பசி மழையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். அதன் முன்னால் நிற்கப்போவது அக்கா. பேட்டரி இல்லாத இந்த வகை சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக. இதைச் சொல்லி வைக்காவிட்டால், முதல் மின்வெட்டிலேயே ஏமாந்துவிட்டோம் என்று அம்மா பதறிப்போவார். ஐந்து வருடப் பராமரிப்பு திட்டத்திலேயே உள்ள கடமை. அதற்கு யார் வருவார், எத்தனை நாளுக்குள் வருவார் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடும்வரை கையில் வைத்திருங்கள்.

அப்பாவின் ஆதார் நகலை அந்தச் சென்னைக்காரர்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்படியானால், அவர் பெயரில் விண்ணப்பம் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். போட்டிருந்தால் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் சொல்லாதீர்கள்.