உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? சிறுநீரக மருத்துவர் பதில்கள்

கேள்வி: சமையலில் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். மாத்திரையும் தவறுவதில்லை. ஆனாலும் ரத்த அழுத்தம் 150/95-க்குக் கீழே இறங்கவில்லையே?

பதில்: இந்த விஷயத்தில் நாக்கை நம்பாதீர்கள். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். அப்படியானால் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி ரொட்டி எல்லாம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை! மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கூடுதல் உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடாதா?

பதில்: தள்ளும். எப்படித் தள்ளுகிறது என்பதுதான் விஷயம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு கிலோவுக்கும் மேல். அதில் 99 சதவீதத்துக்கும் அதிகமாகச் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்கள் மீண்டும் உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. சிறுநீரகம் செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு இந்த ஒரு வேலைக்குத்தான். கூடுதல் உப்பு வந்தால் உறிஞ்சுவதைச் சற்றுக் குறைக்க வேண்டும். சிலருடைய சிறுநீரகத்துக்கு அது எளிதில் கைவராது. உப்பு தங்கும், கூடவே நீரும் தங்கும், அழுத்தம் ஏறும். அந்த ஏறிய அழுத்தத்தின் தயவில்தான் மிச்ச உப்பு வெளியேறும். உப்புக் கணக்கு நேராகிவிடும்; அடி வாங்குவது ரத்தக் குழாய்.

அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால், உப்புக்கு அழுத்தம் ஏறும் எலி வகை ஒன்றையும் ஏறாத வகை ஒன்றையும் வளர்த்தார். 1974-ல் இவற்றுக்குள் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தியபோது, ரத்த அழுத்தம் சிறுநீரகம் போன பக்கமே போனது.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால்?

பதில்: அதுவும் சோடியம் குளோரைடுதான். நிறத்துக்கும் விலைக்கும் சிறுநீரகம் மயங்குவதில்லை.

கேள்வி: அப்பாவுக்குக் கிரியாட்டினின் 2.4. சோடியம் குறைந்த உப்பு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்லதே. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் பக்கவாதம் குறைந்தது. ஆனால் கிரியாட்டினின் 2.4 என்றால் சிறுநீரகம் கழிவைச் சரியாக வெளியேற்றவில்லை என்று அர்த்தம்; உங்கள் அப்பாவுக்குப் பொட்டாசியமும் ரத்தத்திலேயே தேங்கும். பொட்டாசியத்தை மேலும் ஏற்றக்கூடிய டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஏற்கெனவே அந்த உப்பைப் பயன்படுத்துகிறார் என்றால் உடனே நிறுத்திவிட்டு, இன்றே ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.