சொல் வராத நாட்களில் ஜெபமும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 26 வயது. மிஷனெரிப் பணிக்கு என்னை ஒப்புக்கொடுத்துப் பயிற்சி மையத்துக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. எட்டு மாதப் பயிற்சி முடிந்ததும் பணித்தளத்துக்கு அனுப்புவார்கள். காலையில் வேதபாடமும் பிற சமயங்களைப் பற்றிய வகுப்பும் நடக்கும். பிற்பகலில், வாரத்துக்கு ஆறு நாட்கள், நான்கு மணி நேரம் மொழி வகுப்பு. நான் கற்கும் மொழிக்கும் தமிழுக்கும் எந்த உறவும் இல்லை. அதன் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு.

இங்கு வருவதற்கு முன் நான் பேச்சால் அறியப்பட்டவள். சபையில் நான்கு ஆண்டுகள் வாலிபர் கூட்டத்தை நடத்தியிருக்கிறேன். துக்க வீடுகளில் ஜெபிக்கப் பெரியவர்கள்கூட என்னைத்தான் முன்னே விடுவார்கள். "உனக்குத் தேவன் நாவைக் கொடுத்திருக்கிறார்" என்று எங்கள் போதகர் சொன்ன நாளில்தான் இந்த அழைப்பை முதன்முதலாக உணர்ந்தேன். அப்படிப்பட்ட நான் இங்கே நேற்று என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்கே திணறுகிறேன். என் அறைத்தோழிக்கு 21 வயதுதான். அவள் அதற்குள் ஆசிரியர்களிடம் அந்த மொழியிலேயே வேடிக்கையாகப் பேசுகிறாள்.

மூன்று வாரங்களுக்கு முன் வகுப்பில் ஒரு நடிப்புப் பயிற்சி நடந்தது. ஆசிரியை வீட்டுக்காரப் பெண்ணாக நடிப்பார். நான் கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, நலம் விசாரிக்க வேண்டும். 'நலம்' என்று பதில் வந்தால் 'கேட்டு மிகவும் மகிழ்ச்சி' என்று சொல்ல வேண்டும் என்பதை நூறு முறையாவது சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் அன்று ஆசிரியை, "என் குழந்தை போன மாதம் இறந்துவிட்டது" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது என்பதுதான் கொடுமை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "கேட்டு மிகவும் மகிழ்ச்சி" என்று வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிரவு குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

மாலை ஆராதனையில் நாங்கள் முறை வைத்து அந்த மொழியில் ஜெபிக்க வேண்டும். ஆசிரியர் பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகு திருத்துவார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என்னால் தனிமையில் தமிழிலும் ஜெபிக்க முடியவில்லை. முதல் வாக்கியத்தைத் தொடங்கியதுமே அது சரியா என்று நானே கேட்டுக்கொள்கிறேன். யாரோ அருகில் இருந்து எழுதிக்கொள்வதுபோல் தோன்றுகிறது. பிற சமயங்களைப் பற்றிய வகுப்பில் எழும் கேள்விகளும் இரவில் தூங்கவிடுவதில்லை. இவ்வளவுக்கும் நடுவில், என்னைத் தாங்கும் பங்காளர்களுக்கும் அம்மாவுக்கும், "கர்த்தர் அற்புதமாக நடத்துகிறார்" என்று எழுதி அனுப்புகிறேன்.

மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தால், அவர்கள் போன இடத்தின் மொழியை விரைவில் கற்றுத் தேர்ந்ததாக இருக்கிறது. எனக்கு வந்தது அழைப்பா, அல்லது என் பேச்சுக்குக் கிடைத்த பாராட்டைத்தான் அழைப்பு என்று எண்ணிவிட்டேனா? இங்கே இதைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் திரும்பிப் போய்விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கதவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள். 'கேட்டு மிகவும் மகிழ்ச்சி' என்று நீங்கள் சொன்னதற்குக் கல் மனம் காரணமன்று. பழக்கத்தின் வேலை அது. பதற்றம் கூடும்போது புதிய வாக்கியத்தை யோசித்துக் கட்டும் ஆற்றல் குறுகிவிடும். அப்போது அதிகமாகப் பழகிய சொற்கள் தாமே முந்திக்கொண்டு வந்துவிடும். நலம் விசாரித்தபின் எந்த வாக்கியத்தை நூறு முறை சொன்னீர்களோ, அதுவே அந்த இடத்தில் வந்தது. அதைச் சொன்ன அடுத்த நொடியே உங்கள் மனம் பதறியது என்றால், அந்தத் தாயின் துயரம் உங்களை எட்டிவிட்டது என்றுதான் பொருள். வகுப்பு சிரித்ததை நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆசிரியை அங்கேயே பயிற்சியை நிறுத்தி, இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

என்ன செய்வது என்பதற்கான விடை உங்களிடமே இருக்கிறது. துக்க வீட்டில் உங்களை முன்னே விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வாசலைக் கடந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? நான் பார்த்தவரை, பேசத் தெரிந்தவர்கள்கூட அங்கே உடனே பேசுவதில்லை. அருகில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருப்பார்கள். அதற்கு எந்த மொழியின் இலக்கணமும் தேவையில்லை. ஆகவே உங்கள் ஆசிரியையிடம் போய், "எனக்கு வேறு சில வாக்கியங்களை முதலில் சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள்: எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், தவறாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள், உங்களோடு சற்று நேரம் உட்காரலாமா. பாடநூலில் இவை எங்கே இருந்தாலும் சரி. உங்களுக்கு இவைதான் முதல் பாடம். முடிந்தால், அதே காட்சியை அதே ஆசிரியையுடன், மற்றவர்கள் இல்லாதபோது, இன்னொரு முறை நடித்துப் பாருங்கள். நினைவில் தைத்திருக்கும் அந்த ஒரு முடிவுக்கு அருகில் வேறொரு முடிவும் இருக்கட்டும்.

அடுத்தது அந்த வாழ்க்கை வரலாறுகள். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் மொழி கற்ற ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் பர்மாவின் ரங்கூனுக்கு வந்தார். பர்மிய மொழியைக் கற்றுத் தந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். இடையில் கழிந்த ஆறு ஆண்டுகளை வாசகர் ஒரு பக்கத்தைத் திருப்பும் நேரத்தில் தாண்டிவிடுகிறார். ஜட்சன் அவற்றை ஒவ்வொரு நாளாகத்தான் வாழ்ந்தார். வேதாகமம் முழுவதையும் அவர் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தது 1834இல். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, பல்கலைக்கழகத்தில் படித்தவராக இருந்தும், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவர் எழுத்தைக் கோணலாகப் போட்டபோது பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்; இது என் கற்பனைதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1715இல், அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது.

உங்கள் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏழு வாரங்களில் நீங்கள் வகுப்பில் இருந்தது 168 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் அலுவல் அளவுக்குத் தேர்ச்சி பெற, ஆங்கிலத்துக்கு நெருக்கமான ஸ்பானியத்துக்கே 600 வகுப்பு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறது. தமிழுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல். சீனம், ஜப்பானியம், அரபு போன்றவற்றுக்குச் சுமார் 2,200. அங்கே படிப்பவர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டு அதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள். தாய்மொழியோடு உறவே இல்லாத மொழியில் 168 மணி நேரத்தைக் கடந்தவர் இருக்கவேண்டிய இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் தோழி முன்னே போகிறார் என்பது உண்மையாகவே இருக்கலாம்; காது கூர்மையானவர்களும் தவறுக்குக் கூசாதவர்களும் தொடக்கத்தில் வேகமாகப் போவார்கள். அவரிடம் பொறாமை கொள்வதைவிட, இரவில் அரை மணி நேரம் அவரோடு அந்த மொழியில் பேசுங்கள். கற்ற சொல்லை அன்றே திரும்பத் திரும்ப உருப்போடுவதைவிட, மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் எடுத்துப் பார்ப்பது நிலைக்கும். இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மைத்தாமே சோதித்து எழுதிவைத்திருக்கிறார்.

இனி, நீங்கள் சொல்லாமல் சொன்ன ஒன்றுக்கு வருகிறேன். மற்றவர்கள் இந்த மையத்தில் ஒரு மொழியைக் கற்கிறார்கள். நீங்களோ அதற்கு முன்பே ஒன்றை இழந்துவிட்டீர்கள். உங்களை நீங்கள் அறிந்ததும், சபை உங்களை அறிந்ததும், அழைப்பு வந்ததும் எல்லாமே நாவின் வழியாகத்தான். அந்த நாவைத்தான் இங்கே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். 26 வயதுப் பெண்ணின் எண்ணங்களை மூன்று வயதுக் குழந்தையின் சொற்களால் சொல்ல வேண்டியிருக்கும்போது, மற்றவர்கள் தன்னையும் குழந்தையாகவே எடைபோடுகிறார்கள் என்ற அச்சம் வரும். வேற்றுமொழி வகுப்பில் எழும் பதற்றத்தைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டி, அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹோர்விட்சும் அவரோடு இருவரும் 1986இல் வெளியிட்டார்கள். பேசத் தயங்குவது, தேர்வுக்கு அஞ்சுவது, பிறர் தன்னைக் குறைவாக எண்ணுவாரோ என்று கூசுவது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நன்றாகப் பேசிப் பழகியவர்களுக்கு மூன்றாவது கூடுதலாக வலிக்கும் என்பது என் அனுபவம். இழப்பதற்கு அவர்களிடம் அதிகம் இருக்கிறது.

அப்படியானால் அழைப்பா, பாராட்டா? நான் இறையியல் படித்தவன் அல்ல. அழைப்பு மெய்யா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பாராட்டு கலந்திருந்ததாலேயே அழைப்பு பொய்யாகிவிடாது என்று சொல்ல முடியும். நமக்கு எது வரும் என்பதைப் பெரும்பாலும் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்த மோசேயின் கதையில், தமக்குத் திக்குவாய் என்று சொன்னவருக்கு நாவு சரியாக்கப்படவில்லை. துணைக்கு அண்ணன் கிடைத்தார். பேச்சு இல்லாமல் போனாலும் இந்த மக்களிடையே போய் இருக்க விரும்புவேனா என்பதே இப்போது உங்கள் முன் உள்ள கேள்வி. அதற்கு ஏழாவது வாரத்தில் விடை தெரியாது. ஆகவே திரும்பிப் போவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் மாத இறுதிவரை அதைத் தள்ளிவையுங்கள். அன்று போவதாக முடிவெடுத்தால் அது தோல்வியும் அல்ல, பாவமும் அல்ல.

ஜெபத்தைப் பற்றி மட்டும் நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். ஜெபிப்பவரின் அருகில் பிழை குறிக்கும் ஏட்டோடு உட்காரும் முறை எனக்கு உடன்பாடில்லை. நோக்கம் நல்லதுதான், ஆனால் அது ஜெபத்தைத் தேர்வாக்கிவிட்டது. அந்தத் தேர்வாளரை உங்கள் தனி அறைக்குள்ளும் அழைத்து வந்துவிட்டது. மையப் பொறுப்பாளரிடம், மொழிப் பயிற்சிக்கு நான் வேறு எதை வேண்டுமானாலும் பேசுகிறேன், ஜெபத்தைத் திருத்துவதை மட்டும் சில வாரங்கள் நிறுத்திவையுங்கள் என்று கேளுங்கள். 'விசுவாசம் குறைந்துவிட்டது' என்று தொடங்க வேண்டாம். 'ஜெபத்தில் திருத்தப்படுவது என்னைப் பாதிக்கிறது' என்று தொடங்குங்கள். முதலாவது ஒரு தீர்ப்பு, இரண்டாவது ஒரு செய்தி; செய்திக்கு அவர்களால் ஏதாவது செய்ய முடியும். தனிமையில் சில நாட்கள் சொந்தச் சொற்களைத் தேடாமல், சிறு வயதிலிருந்தே உங்கள் வாயில் இருக்கும் ஒரு வேதாகமச் சங்கீதத்தைத் தமிழில் சத்தமாக வாசியுங்கள். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. கண்ணீர் வந்தால் வரட்டும், குழாயைத் திறந்துவிட வேண்டாம்.

பிற சமய வகுப்பின் கேள்விகள் வேறு வகை. அவை உங்களை உலுக்குவது வகுப்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். அவற்றை இரவில் படுக்கைக்கு எடுத்துச் செல்லாமல் ஒரு தாளில் எழுதிவைத்துப் பகலில் அந்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இன்னும் இரண்டு வாரம் நாள்தோறும் நீடித்தால், அல்லது உணவில் நாட்டம் குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் அன்றே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இது ஆவிக்குரியதா மனதுக்குரியதா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்பதில்லை.

பங்காளர்களுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'மொழி கடினமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்பதே போதும், அது உண்மையும்கூட. அம்மாவுக்கு எழுதும் அடுத்த கடிதம் வேறு. அதில் அந்தக் கதவையும், நீங்கள் சொன்ன வாக்கியத்தையும், சேர்ந்து சிரித்ததையும், பிறகு அழுததையும் அப்படியே எழுதுங்கள். அதைத் தமிழில்தான் எழுதப்போகிறீர்கள். சொல்லுக்குத் திணற வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்