வீடும் பராமரிப்பும்: வாசகர் கேள்வி–பதில்
பழைய வீட்டின் புகைக்கூண்டு

ஐப்பசி மழை ஓய்ந்து, ஓடு மாற்றும் காலம் தொடங்கிவிட்டதால், பழைய வீடுகளின் செங்கல் புகைக்கூண்டைப் பற்றி ஒரே சமயத்தில் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. மற்றவர்களின் கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் அப்பாரு 1928இல் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில், சமையலறைக் கூரைக்கு மேல் 5 அடி உயரத்தில் செங்கல் புகைக்கூண்டு நிற்கிறது. கற்களுக்கு இடையே உள்ள சாந்து விரல் பட்டாலே உதிர்கிறது. சந்துகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, மேலேயும் சிமென்ட் பூசிவிட்டால் இன்னும் நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். நம் பக்கத்தில், கோவையை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே 1934இல்தான். 1928இல் கட்டிய உங்கள் வீட்டின் சாந்து பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கும். உதிர்ந்த சாந்தில் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்து, விரலால் நசுக்கினால் அவை மாவானால், அது சரியாகக் கலக்காத சுண்ணாம்பு. இனிச் சந்தேகம் வேண்டியதில்லை.

சூளையில் விறகிட்டுச் சுட்ட நாட்டுச் செங்கல் மென்மையானது; நீரைக் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அந்தக் கல்லைவிடவும் மென்மையானது. எனவே மழைநீரும் புகைக்கரியில் உள்ள உப்பும் சந்தின் வழியாகவே வெளியேறும். தேய்மானம் முழுவதையும் சாந்து ஏற்றுக்கொள்ளும், கல் பிழைத்துக்கொள்ளும். ஐம்பது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சாந்தை மட்டும் புதுப்பித்தால் போதும் என்ற கணக்கில்தான் அந்தக் காலத்தில் கட்டினார்கள். சந்தைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டால் நீருக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது; அது கல்லின் முகத்தின் வழியாக வெளியேற முயல்கிறது. அப்போது கல்லின் தோலுக்குச் சற்று உள்ளே உப்பு பொரிந்து, முகத்தை வெளியே தள்ளிவிடுகிறது. குளிர் நாடுகளில் உறைபனி செய்யும் வேலையை நம் பக்கத்தில் உப்பு செய்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொறியியல் படிப்பை முடித்த புதிதில், தாராபுரம் பக்கத்தில் உள்ள என் அம்மிச்சி வீட்டுப் புகைக்கூண்டுக்கு ஒன்றுக்கு நான்கு சிமென்ட் கலவை வைக்கச் சொன்னவன் நானே. வேலை முடிந்த அன்று அது புதிது போல இருந்தது. ஏழு வருடம் கழித்து ஏறிப் பார்த்தபோது, கற்களின் முகம் தோல் உரிவதுபோல் கழன்று ஓட்டின் மேல் சிவப்புத் தூளாகக் கிடந்தது; கல் இருந்த இடம் குழியாகிவிட, சிமென்ட் சந்து மட்டும் தேன்கூட்டின் சட்டம்போல் துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கற்களை மீட்க வழியே இல்லை. மேலே இருந்த எட்டுச் செங்கல் வரிகளையும் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேதனையினால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

இனி வேலையின் முறையைச் சொல்கிறேன். ஓட்டின் மேல் நின்று வேலை செய்ய விடாதீர்கள். சாரம் கட்டுவதற்கு ஆகும் செலவைக் குறைக்கவே கூடாது. சந்தில் உள்ள பழைய சாந்தைக் குறுகிய உளியும் சிறிய சுத்தியலும் கொண்டு கையால்தான் எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். அரை அங்குலச் சந்துக்கு ஓர் அங்குலம். ஒரே நாளில் நான்கு பக்கமும் எடுத்துவிட்டால் கூண்டு ஆடிப்போகும். ஒரு பக்கத்தில் இரண்டு அடி எடுத்து, அதை நிரப்பிய பிறகு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, கல் சுண்ணாம்பு வாங்கித் தாளிப்பதே, அதாவது நீரில் போட்டு நீற்றுவதே நல்லது. தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, அதற்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். தாளித்த சுண்ணாம்பை நீர் மூடியிருக்கும்படி சில வாரமாவது ஊற விட்டால், வெண்ணெய் போலத் திரளும். அதில் ஒரு பங்குக்கு, சலித்த மணல் இரண்டு பங்கும், நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கித் தூள் ஒரு பங்கும் சேர்க்கச் சொல்வது என் வழக்கம். எம்-சாண்ட் என்றால், அதில் உள்ள கல் மாவைக் கழுவி நீக்கிய பிறகே கலக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்கலாம், சாந்து நன்றாகக் குழைந்து கொடுக்கும். ஆனால் சரியாக ஊறாத சுண்ணாம்பின் குறையை எந்தக் கடுக்காயும் தீர்க்காது.

சந்தைத் தூசி போகத் துலக்கி, நீர் தெளித்துக் கல்லின் தாகம் அடங்கிய பிறகு, சாந்தை அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாகத் திணிக்க வேண்டும். கடைசி அடுக்கு கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகியதும், கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளடங்கும்படி அழுத்தி, முரட்டு பிரஷ்ஷால் குத்தி முடிக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கைச் சுற்றி, பத்து நாளாவது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் கல்லாகிறது. ஈரம் இல்லாவிட்டால் அது நடக்காமல் வெறும் பொடியாக நின்றுவிடும். அதனால்தான் தை, மாசி மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் சாக்கு அரைமணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

மாற்ற வேண்டிய கற்களுக்குப் சேம்பர் சூளையில் சுட்ட புதிய கல்லை (சேம்பர் கல்) வாங்காதீர்கள். நம் பழைய கல்லைவிட அது கடினமானது. தடாகம் பகுதிச் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு புதுக்கல்லும் முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் இடிக்கும் பழைய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்க வேண்டும். சப்பென்று ஒலித்தால் உள்ளே வேகவில்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

சிமென்ட்டுக்கு இடமே இல்லையா என்றால், ஓர் இடம் உண்டு. கூண்டின் தலையில் வைக்கும் மூடுபலகை கான்கிரீட்டாக இருக்கலாம். அது நாலாபுறமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, அடிப்பக்கத்தில் நீர்வடி வெட்டுடன் (மழைநீர் கல்லுக்கு ஓடாமல் சொட்டிவிடச் செய்யும் பள்ளம்) இருக்க வேண்டும். கல்லுக்கும் அதற்கும் இடையே தார்த்தாள் ஒன்றை விரித்துவிட்டால், வெயிலில் பலகை விரியும்போது மேல்வரிக் கற்களை இழுக்காது.

கேள்வி: எங்கள் வீட்டு விறகடுப்பு வருடம் முழுவதும் நன்றாக எரிகிறது. ஆடி மாதம் வந்தால் மட்டும் புகை திரும்பிச் சமையலறைக்குள் வருகிறது. கூண்டை இன்னும் நான்கைந்து அடி உயர்த்திவிட்டால் சரியாகுமா?
– வாசகி, காங்கயம்

பதில்: உங்கள் கூண்டில் பழுது இல்லை, காற்றின் திசைதான் காரணம் என்று தோன்றுகிறது. மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று உயரமான கூரையில் மோதி, மறுபக்கத்தில் கீழ்நோக்கிச் சுழலும். அந்தச் சுழலுக்குள் கூண்டின் வாய் இருந்தால் புகை கீழே தள்ளப்படும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடித் தொலைவுக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி கூடுதல் உயரமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பக்கத்தில் அண்மையில் மாடி எழுப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஆனால் விரும்பிய அளவுக்கு உயர்த்திவிட முடியாது. கம்பி இல்லாத செங்கல் கூண்டின் உயரம், அதன் குறுகிய பக்கத்தின் நான்கரை மடங்கைத் தாண்டக் கூடாது. 18 அங்குல அகலமுள்ள கூண்டு என்றால் கூரைக்கு மேல் 6 அடி 9 அங்குலம்தான் எல்லை. உயர்த்துவதற்கு முன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 5 அடி உயரத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், அதன் மேல் ஒரு கல்லைக்கூட ஏற்றாமல் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பல வீடுகளில், கூண்டின் மேற்குப் பக்க வாயை அடைத்து மற்ற பக்கங்களைத் திறந்துவைக்கும் ஒரு தகரக் குல்லாயே போதுமானதாக இருந்திருக்கிறது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

கேள்வி: புகைக்கூண்டின் உச்சியில் முளைத்த அரசங்கன்றை ஒவ்வொரு வருடமும் வெட்டுகிறோம், மறுபடியும் தழைக்கிறது.
– வாசகர், பவானி

பதில்: வெட்ட வெட்ட வேர்தான் தடிக்கும். இரண்டிலைக் கன்றாக இருந்தால் சந்தை நனைத்துப் பிடுங்கிவிடலாம். வருடக்கணக்கில் இருப்பதை இழுத்தால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். வேர் போகும் ஆழம் வரை வரிகளைப் பிரித்து, கற்களுக்குச் சாக்பீசால் எண் எழுதி இறக்கி, வேரை முழுவதும் நீக்கி, அதே கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப அடுக்குங்கள். நான்கைந்து வரிகளுக்கு இரண்டு நாள் வேலைதான்.

கேள்வி: பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து விருந்தினர் விடுதியாக நடத்த இருக்கிறோம். வரவேற்பறையில் உள்ள கணப்பு முப்பது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை. சுத்தம் செய்துவிட்டு நெருப்பு மூட்டலாமா?
– வாசகி, வால்பாறை

பதில்: சோதிக்காமல் மூட்டவே கூடாது. வெளியே தெரியும் பழுதைவிட உள்ளே தெரியாத விரிசல்தான் ஆபத்தானது. அதன் வழியாகக் கார்பன் மோனாக்சைடு பக்கத்துப் படுக்கையறைக்குள் கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மலை ஊர்களில் மூடிய அறைக்குள் கரிநெருப்பு வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்த செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம்.

முதலில் புகைவழியைத் துலக்கி, கூட்டையும் ஒட்டடையையும் எடுத்துவிடுங்கள். பிறகு கணப்பில் சிறிது ஈர வைக்கோலைப் புகையவிட்டு, மேல்வாயை நனைத்த சாக்கால் மூடிவிட்டு, எல்லா அறைகளிலும் கூரைக்கு அடியிலும் ஆட்களை நிறுத்திப் புகை எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவு, சன்னல்கள் திறந்திருக்கட்டும். சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். ஓரிடத்தில் கசிந்தாலும், உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்கிய பிறகே நெருப்பு மூட்டலாம். கூரைச் சட்டங்கள் கூண்டின் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் 2 அங்குல இடைவெளி விட்டு அறுத்து, வேறு தாங்குமரம் கொடுக்க வேண்டும்.

வால்பாறையின் ஈரத்தில் விறகு எளிதில் உலராது. அரைகுறையாகக் காய்ந்த சில்வர் ஓக் விறகு எரியும்போது தார்போன்ற பளபளப்பான கரி உள்ளே படியும். அது தீப்பற்றினால் கூண்டுக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். கொட்டகையில் ஒரு வருடம் அடுக்கி உலர்ந்த விறகை மட்டும் பயன்படுத்துங்கள். படிவு 3 மில்லிமீட்டர் ஆனதும் துலக்கிவிடுங்கள். எல்லாப் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும்.

கேள்வி: இப்போது எரிவாயுவில்தான் சமைக்கிறோம். பழைய புகைக்கூண்டை இடித்துவிட்டு ஓடு வேய்ந்துவிடலாம் என்பது மகனின் எண்ணம். எனக்கு மனமில்லை. அதற்குள் ஒரு ஜோடிக் கூகையும் இருக்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி என்பது என் கருத்து. கூண்டின் அடிப்பகுதி சமையலறைச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். மேலே இடித்தாலும் கீழே உள்ளதை அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. இடிக்காமல் ஓய்வு கொடுப்பதே செலவு குறைந்த வழி. மேல்வாயின் மூலைகளில் நான்கு செங்கற்களை நிறுத்தி, அதன் மேல் ஒரு கடப்பைக்கல்லை வைத்துவிட்டால் மழை உள்ளே இறங்காது, காற்று போய்வரும். கீழே அடுப்பு வாயை அடைக்கும்போதும் ஒரு சல்லடைக் கல்லைப் பதித்து வையுங்கள். இரண்டு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், உள்ளே உள்ள கரி ஈரத்தை இழுத்து, சுவரின் வெள்ளைக்கு மேல் பழுப்புக் கறையாக ஊறி வரும். எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அது மறையாது.

கூகைகளைப் பொறுத்தவரை, குஞ்சு இருக்கிறதா என்று மாலையில் பாருங்கள். சீறுவதுபோல் ஓசை கேட்கும். பொரித்த குஞ்சு பறந்து போக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். தோப்பில் இளங்காயைக் கடித்துத் தள்ளும் எலிகளைப் பிடித்துத் தின்னும் பறவை அது. குஞ்சுகள் பறந்து போகும் வரை வேலையைத் தள்ளிவைத்து, அதற்கு முன் தோப்பை ஒட்டிய கொட்டகையின் உச்சியில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிவிட்டுப் பிறகு கடப்பைக்கல்லை ஏற்றுங்கள்.